பால்வாடியில் 4 நிமிடம், பஸ்ஸில் 3 நாள்: டெல்டாவில் குழந்தை வளர்ச்சிப் பரிசோதனை எப்படி இருக்கிறது?

ஒரு சாவிக்கொத்து, ஒரு பென்சில், ஒரு பக்க அட்டை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் வளர்ச்சி வயதுக்குத் தகுந்தபடி போகிறதா என்று முதல் கட்டமாகப் பார்க்க இவ்வளவு போதும். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டை இப்படித்தான் வேலை செய்கிறது. முகம் பார்த்துச் சிரிப்பதில் தொடங்கி, பொம்மையின் உறுப்புகளைத் தொட்டுக் காட்டுவது வரை மொத்தம் 17 செயல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிடைக்கோடு. கோட்டின் இடது முனை, 100-க்கு 3 குழந்தைகள் அதைச் செய்துவிடும் வயது. வலது முனை, 97 குழந்தைகள் செய்துவிடும் வயது. குழந்தையின் வயதை மாதக் கணக்கில் எடுத்து, அந்த இடத்தில் பென்சிலை நெட்டுக்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கமாக முழுதாக முடிந்துபோன கோடுகளில் உள்ள எல்லாவற்றையும் குழந்தை செய்திருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அடுத்த கட்டத்துக்கு அனுப்ப வேண்டும். ஐந்து முதல் ஏழு நிமிட வேலை.

இந்த எளிய வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை வயதைக் கணக்கிடுவதில். "ஒன்றேகால் வயசு" என்று அம்மா சொல்வதைக் கேட்டு எழுதிவிட்டால் பென்சில் தவறான இடத்தில் நிற்கும். பிறந்த தேதியை அட்டையில் பார்த்துத்தான் எண்ண வேண்டும். குறைமாதக் குழந்தை என்றால் இன்னொரு கழித்தலும் உண்டு: 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 40-இலிருந்து 32 போக 8 வாரம், அதாவது ஏறக்குறைய 2 மாதத்தைக் கழித்துவிட வேண்டும். 10 மாதக் குழந்தையை 8 மாதமாகவே பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இந்தக் கழித்தல் தொடரும். இதைச் செய்யாமல் "இன்னும் எழுந்து நிற்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தால், ஒரு வீட்டின் தூக்கம் காரணமில்லாமல் போகும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இந்தப் பரிசோதனை பெற்றோருக்கு மூன்று வழிகளில் கிடைக்கிறது. ஊர்ப் பால்வாடிக்கு வண்டியில் வரும் மருத்துவக் குழு ஒன்று. மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையம் இரண்டாவது. தனியார் கிளினிக்கும் தெரபி மையமும் மூன்றாவது. மூன்றையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. ஒவ்வொன்றும் வேறு வேலைக்கானது.

வண்டி வரும் நாள்

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் கொண்ட நடமாடும் குழு ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும், பள்ளிகளுக்கு ஒருமுறை. பிறவிக் குறை, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் என நான்கையும் அந்த ஒரே வருகையில் பார்க்கிறார்கள். பிறப்பு முதல் 18 வயது வரை கட்டணம் கிடையாது. மேல்சிகிச்சைக்கும் திட்டத்திலேயே வழி உண்டு. வாசலுக்கே வரும் இலவசச் சேவை என்ற வகையில் இதற்கு ஈடு இல்லை. பிளவுபட்ட உதடு, இதயத்தில் ஓட்டை, கால் வளைவு, மாறுகண் போன்ற கண்ணுக்கும் ஸ்டெதாஸ்கோப்புக்கும் அகப்படுபவற்றில் இந்தக் குழு நன்றாகவே வேலை செய்கிறது.

பேச்சு, பழகும் விதம், காது கேட்கும் திறன் என்று வரும்போதுதான் சங்கடம். கணக்கைப் பாருங்கள்: குழு பத்தரைக்கு வந்து, மதியம் அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தால், பன்னிரண்டரைக்குள் 30 குழந்தைகளைப் பார்த்து முடிக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு 4 நிமிடம். அதற்குள் எடை, உயரம், பல், கண், மார்பு, இரத்தசோகை எல்லாம் அடக்கம். புது முகத்தைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொண்டு ஆயாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைக்கும் மூன்று வயதுக் குழந்தை, பேசத் தெரியாததால் பேசவில்லையா, பயத்தில் பேசவில்லையா என்று 4 நிமிடத்தில் யாராலும் சொல்ல முடியாது. வருவோர் திறமையைக் குறை சொல்வதற்கில்லை. அந்த நேரத்துக்குள் அடங்காத வேலை இது.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் வளர்ச்சிப் பரிசோதனைக்குச் சொல்லும் வயது 9, 18, 30 மாதம். ஆட்டிசத்துக்கு 18, 24 மாதம். நம் ஊரில் அந்த வயதுக் குழந்தை எங்கே இருக்கிறது? வீட்டில், பாட்டி மடியில். பால்வாடியில் உட்கார்ந்திருப்பவை பெரும்பாலும் இரண்டரை, மூன்று வயது தாண்டியவை. சின்னக் குழந்தையின் அம்மா சத்துமாவு வாங்க மட்டும் வருகிறார், அதுவும் பிள்ளையைத் தூக்காமல். ஆக, யாரைப் பார்த்தால் பலன் அதிகமோ, அந்தக் குழந்தை வண்டி வரும் நாளில் அங்கே இருப்பதில்லை. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போய், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு திரும்பும் பெண்ணின் குழந்தை இரண்டு கிராம சுகாதார செவிலியர்களின் பதிவேடுகளுக்கு நடுவே நழுவிப்போவதும் உண்டு.

இதற்குத் தீர்வு பெரிய செலவு இல்லாதது. குழு வரும் தேதி பால்வாடி டீச்சருக்கு முன்கூட்டியே தெரியும். அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, வீட்டுக் குழந்தையையும் அன்று தூக்கிப் போங்கள். டீச்சர் மனது வைத்தால் சத்துமாவு கொடுக்கும் நாளையும் அதே நாளாக வைத்துவிடலாம். 9-ஆம் மாத ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் ஊசி இரண்டுக்கும் எப்படியும் பிள்ளையைத் தூக்கிப் போகிறோம். அன்று நர்சம்மாவிடம் "வளர்ச்சியையும் பார்த்து எழுதிடுங்க" என்று கேட்டால் தனியாக ஒரு நாள் வேலை கெடாது. தாய்-சேய் அட்டையிலேயே வளர்ச்சிப் படிகள் அச்சிட்டிருக்கும். ஊசிப் பக்கம் நிரம்பியிருக்க, அந்தப் பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடக்க விடாதீர்கள்.

20 கேள்வி, மூன்று தலைகீழ்

16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு ஆட்டிச அறிகுறி பார்க்கும் எம்-சாட்-ஆர் என்ற கேள்வித்தாள் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் உண்டு. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 20 கேள்விகள். 17 கேள்விகளுக்கு "இல்லை" என்றால் ஒரு புள்ளி. 2, 5, 12-ஆம் கேள்விகளுக்கு மட்டும் தலைகீழ்: காது கேட்கவில்லையோ என்று சந்தேகப்பட்டதுண்டா, கண்ணருகே விரலை விசித்திரமாக ஆட்டுகிறதா, அன்றாடச் சத்தங்களுக்குக் கலங்குகிறதா. இவற்றுக்கு "ஆம்" என்றால்தான் புள்ளி. அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே திசையில் கூட்டிவிடுவதுதான் இந்தத் தாளில் சாதாரணமாக நடக்கும் தவறு.

0 முதல் 2 வரை கவலை இல்லை. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேராக மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். 3 முதல் 7 வரை வந்தால், தவறிய கேள்விகளை மட்டும் எடுத்து, எடுத்துக்காட்டுகளோடு பெற்றோரிடம் திரும்பக் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது சுற்றை விட்டுவிட்டு அட்டையில் "ஆட்டிசம்?" என்று கேள்விக்குறி போட்டுக் கொடுக்கும் இடத்தை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 16,071 குழந்தைகளைப் பார்த்து 2014-இல் வெளியான ஆய்வில், இரண்டு சுற்றிலும் சந்தேகம் நீடித்தவர்களில் 47.5 சதவீதம் பேருக்கு ஆட்டிசம் உறுதியானது, 94.6 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு வளர்ச்சிச் சிக்கல் இருந்தது. ஆக, இரண்டு சுற்று தாண்டிய முடிவைத் தள்ளிப்போடக் கூடாது. அதே நேரத்தில் அது ஆட்டிசம் என்ற தீர்ப்பும் ஆகாது.

சுட்டிக் காட்டுவது பற்றிய கேள்விகளில்தான் வீட்டுப் பதில் அதிகம் தடுமாறும். "வேணுங்கறத கேக்க விரலால காட்டுவானா?" என்றால் "ஓ, காட்டுவானே" என்று உடனே பதில் வரும். கொஞ்சம் நின்று, "எப்படிக் காட்டுவான், செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், அவர் கையைத் தூக்கி பிஸ்கட் டப்பா மேல் வைக்கிறான். அது சுட்டுவது ஆகாது. சுட்டும் குழந்தை ஆள்காட்டி விரலை நீட்டும். நீட்டிவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும், நாம் பார்த்தோமா என்று. இன்னொன்று: மேலே சுழலும் மின்விசிறியை விரலால் காட்டி "அங்க பாரு" என்றால், குழந்தை விசிறியைப் பார்க்கிறதா, நம் விரல் நுனியையே பார்க்கிறதா? பெயர் சொல்லிக் கூப்பிடும்போதும் பிஸ்கட் கவரைச் சரசரவென்று ஆட்டிக்கொண்டே கூப்பிடக் கூடாது. பெயருக்குத் திரும்பியதா, கவருக்குத் திரும்பியதா என்று தெரியாமல் போகும்.

வீட்டில் யார் பதில் சொல்கிறார் என்பதும் முடிவை மாற்றும். நாளெல்லாம் பிள்ளையோடு இருப்பவர் பாட்டி என்றால் பாட்டியையும் கேட்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து வீடியோ காலில் பார்க்கும் அப்பாவின் பதிலை வைத்து எதையும் நிரப்பக் கூடாது.

தட்டைத் தட்டிப் பார்ப்பது காதுப் பரிசோதனை ஆகாது

பேச்சு தாமதமானால் முதலில் பார்க்க வேண்டியது காது. குழந்தைக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைத் தட்டுகிறார்கள், அது திரும்புகிறது, "காது நல்லா கேக்குது" என்று முடித்துவிடுகிறார்கள். தட்டின் அதிர்வு தரை வழியாகவும் போகும். தட்டுபவரின் நிழலும் தெரியும். உரத்த சத்தம் கேட்கும் குழந்தைக்கும் "ச", "த", "ப" போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். பேச்சைப் புரிந்துகொள்ள அந்த ஒலிகளும் கேட்க வேண்டும்.

பிறந்த குழந்தைக்குச் செய்யும் காது ஒலிச் சோதனை, அதாவது ஓஏஇ, சில நிமிடத்தில் முடிவது. சளி, காதில் அழுக்கு, பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் இருக்கும் ஈரம், இவற்றாலும் "ரெஃபர்", அதாவது மேலும் பார்க்க வேண்டும் என்று முடிவு வரும். அதனால் பயந்துவிடாமல் மறுமுறை செய்ய வேண்டும். இரண்டாவது முறையும் ரெஃபர் வந்தால் பெரா சோதனை, அதாவது ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் பதிலைக் கருவியால் பதிவது. உலகெங்கும் பின்பற்றும் கணக்கு 1-3-6: ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் காது மெஷினும் பயிற்சியும். பிறவியிலேயே காது கேட்காத சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. ஆனால் வயது ஏற ஏற, கருவி பொருத்தினாலும் பேச்சு வருவது கடினமாகிக்கொண்டே போகும். சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளில், காது கேளாதோர் குடும்பத்தில் இருந்தால், இந்தச் சோதனையைப் பேச்சு வரும்வரை தள்ளிப்போட வேண்டாம். "சொந்தத்துலதான் கட்டுனீங்களா?" என்று கேட்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள், டாக்டர் அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

பெராவில் டெல்டாவுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. குழந்தை ஆழ்ந்து தூங்கினால்தான் சோதனை நடக்கும். வேதாரண்யம் பக்கத்திலிருந்து காலை பஸ் ஏறினால், ஜன்னல் காற்றில் குழந்தை வழியெல்லாம் தூங்கிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் கண்ணை விரித்துக்கொண்டு உட்காரும். மருந்து கொடுத்தும் தூங்காது. "வேறொரு நாள் வாங்க" என்று திருப்பி அனுப்பப்படும். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போச்சு. முதல் நாள் இரவு தாமதமாகத் தூங்க வைத்து, விடிகாலையில் எழுப்பி, பஸ்ஸில் எதையாவது காட்டி விழித்திருக்கச் செய்து, வரிசை நெருங்கும்போது பால் கொடுக்க வேண்டும். தூக்க மருந்து தரப்போவதாக இருந்தால் எவ்வளவு நேரம் முன்பு பாலை நிறுத்த வேண்டும் என்று தேதி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சளிக் காய்ச்சல் இருந்தால் போன் போட்டுத் தேதியை மாற்றுவதே மேல்.

எத்தனை பேரைப் பிடிக்கும், எத்தனை பேரை விடும்

திருவனந்தபுரம் அட்டை தாமதம் உள்ள குழந்தைகளில் 66.7 சதவீதத்தைப் பிடிக்கும். தாமதம் இல்லாதவர்களில் 78.8 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும். 1991 ஆய்வில் வந்த எண்கள் இவை. இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஒரு ஊராட்சியில் இரண்டு வயதுக்குட்பட்ட 100 குழந்தைகள். அதில் 10 பேருக்கு உண்மையில் தாமதம் என்று வைத்துக்கொள்ளலாம். அட்டை 7 பேரைப் பிடிக்கும், 3 பேரை விட்டுவிடும். மீதி 90 நல்ல குழந்தைகளில் 19 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். 26 வீடுகளுக்கு "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு போகும். அதில் 19 வீடுகளுக்கு அது தேவையில்லாத பயணம்.

இந்த 19-ஐச் சும்மா தள்ளிவிட முடியாது. பஸ் காசையாவது திரும்பச் சம்பாதித்துவிடலாம். "நீ போனைக் குடுத்துப் பழக்குனதாலதான் புள்ள இப்படி ஆயிட்டான்" என்று மருமகள் மேல் விழுந்த பழி, டாக்டர் நார்மல் என்று எழுதிக் கொடுத்த பிறகும் அந்த வீட்டில் கொஞ்ச நாள் சுற்றிக்கொண்டிருக்கும். எனவே சீட்டு கொடுப்பவர் இரண்டு வரி கூடச் சொல்ல வேண்டும்: இது சந்தேகம் மட்டும்தான், பத்தில் ஏழு பேர் சரியாக இருந்து திரும்பி வருவார்கள். அதுபோல, "பாஸ்" ஆன குழந்தையின் அம்மாவுக்கும் ஒரு வரி: மனதில் சந்தேகம் இருந்தால் ஆறு மாதம் காத்திருக்காமல் வாருங்கள். அம்மாவின் உறுத்தலை அட்டையைவிடக் குறைவாக மதிப்பிடக் கூடாது.

நல்லது கெட்டதை நடுநிலையோடு சொல்ல வேண்டுமென்றால், இதையும் சொல்ல வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாத, பெற்றோருக்குக் கவலையும் இல்லாத 1 முதல் 4 வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் கேள்வித்தாள் வைத்து வளர்ச்சிப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்று கனடாவின் தடுப்பு நலப் பணிக்குழு 2016-இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அமெரிக்கப் பணிக்குழு, ஆட்டிசத்துக்கு எல்லோரையும் பரிசோதிப்பது குறித்துச் சாதகமாகவோ பாதகமாகவோ சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் செய்யுங்கள் என்கிறது. நிபுணர்களிடையே இந்த வாதம் நடந்துகொண்டிருக்கிறது.

நம் கணிப்பு இது: அந்த நாடுகளில் குடும்ப மருத்துவர் ஒருவரே குழந்தையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார், கேள்வித்தாள் இல்லாமலே சந்தேகம் எழ வாய்ப்பு உண்டு. இங்கே "ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் பேசும்", "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் வாயைத் தொறந்தாரு" என்ற பதில்களால் கவலையே அடங்கிவிடுகிறது. பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் பெற்ற வசம்பைச் சுட்டு நாக்கில் தடவிப் பார்க்கிறார்கள். கூத்தனூர் சரஸ்வதிக்கு வேண்டிக்கொள்கிறார்கள். வேண்டுதல் மனதுக்குத் தெம்பு. அதை யாரும் விட வேண்டாம். பூந்தோட்டத்தில் இறங்கிக் கோயிலுக்குப் போன கையோடு, காதுச் சோதனைக்கும் ஒரு தேதி வாங்கிவிடுங்கள். இங்கே கேள்வித்தாளின் பெரிய பயன், அடங்கிக் கிடக்கும் கவலையைப் பேச வைப்பது.

எதற்குப் பலன் உறுதி, எதற்குக் கொஞ்சம்

காது கேளாமைக்கு உறுதி. தைராய்டு குறைவோடு பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரத்தில் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி காக்கப்படுகிறது. விலை மலிவான மாத்திரை. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தால், தடுக்கக்கூடிய பார்வையிழப்பைத் தடுக்கலாம். இந்த மூன்றிலும் "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. மூளைவாதத்தில் ஆரம்பத்திலேயே பயிற்சி தொடங்கினால் மூட்டு இறுகுவதையும் இடுப்பு நழுவுவதையும் குறைக்கலாம். இரத்தசோகை இன்னொன்று: ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. மந்தமாக இருக்கும் குழந்தைக்கு அதைப் பார்க்காமல் தெரபிக்கு அனுப்புவது சரியல்ல.

ஆட்டிசத்தில் சீக்கிரம் தொடங்கும் பயிற்சி பேச்சுக்கும் பழகுவதற்கும் உதவுகிறது. "ஆறு மாதத்தில் குணம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கீழே உள்ள எதையாவது கண்டால் வண்டி வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்: 5 மாதமாகியும் தலை நிற்கவில்லை, 9 மாதம் கடந்தும் பிடிமானமில்லாமல் உட்காரவில்லை, 12 மாதத்தில் மழலை இல்லை, கை காட்டவில்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை, 24 மாதத்தில் "அம்மா வா", "பால் வேணும்" போல இரண்டு சொல் சேரவில்லை. எந்த வயதானாலும், பேசிக்கொண்டிருந்த சொல்லோ செய்துகொண்டிருந்த செயலோ நின்றுபோனால் அந்த வாரமே போக வேண்டும்.

சீட்டு வாங்கிய பிறகுதான் செலவு

பரிசோதனைக்குக் காசில்லை. செலவெல்லாம் அடுத்த படியில். குழந்தை மருத்துவர் ஒரு நாள், காது ஒரு நாள், உளவியலாளர் ஒரு நாள் என்று குறைந்தது மூன்று நாள். கூலி நாளொன்றுக்கு 400, பஸ்ஸும் சாப்பாடும் 200 என்று வைத்தாலே 1,800 ரூபாய். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை; ஆனால் மாவட்டத் தலைநகர் வரை டவுன் பஸ் எல்லா ஊருக்கும் ஓடுவதில்லை, மாறி மாறி ஏறினால் நேரம் போகும். மேட்டூர் திறந்து குறுவை நடவு நடக்கும்போதும், பிறகு சம்பா நடவின்போதும் கொடுத்த சீட்டு பெரும்பாலும் பரண் மேல் போய்விடும். குழுவினர் இதைத் தெரிந்து தேதி கொடுத்தால் பாதி வீடுகள் போய்ச் சேரும். சின்னத் தாமதங்களுக்கு அறுவடை முடிந்த மாசி, பங்குனி போதும். காதுக்கும், இழந்த பேச்சுக்கும் நடவு முக்கியமில்லை.

மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தின் பலம், எல்லோரும் ஒரே கூரையின் கீழ் என்ற ஏற்பாடு. குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சு மற்றும் கேட்பியல் நிபுணர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்பாசிரியர், பல் மருத்துவர் என்பது திட்டத்தில் உள்ள பட்டியல். எல்லா இடமும் நிரம்பியிருக்கும், எல்லோரும் எல்லா நாளும் இருப்பார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். "எந்தக் கிழமை யார் இருப்பாங்க, ஒரே நாள்ல ரெண்டு பேரைப் பார்க்க முடியுமா?" என்று போனில் கேட்டுவிட்டுப் போனால் மூன்று பயணம் இரண்டாகக் குறையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் கொடுத்தாலும், வேலை நடப்பது வீட்டில்தான். பயிற்சியாளர் செய்து காட்டுவதை அவரிடம் அனுமதி கேட்டுப் போனில் வீடியோ எடுத்து வாருங்கள். தினமும் 20 நிமிடம் அதைப் பார்த்துச் செய்தால், மாதம் இரண்டு பயணம் வீணாகாது.

தனியார் மையத்தின் பலம் நேரம்: காத்திருப்பு குறைவு, ஒரே முகம் தொடர்ந்து வரும். ஒரு முறைக்கு 500 ரூபாய் என்றே வைத்தாலும் வாரம் மூன்று முறைக்கு மாதம் 6,000. எனவே கேட்டுப் பார்த்துச் சேருங்கள். எந்தக் கருவியால் பார்த்தீர்கள், குழந்தையின் வயது மாதக் கணக்கில் எத்தனை என்று அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் "ஆட்டிசம்" என்று எழுதி, ஆறு மாதப் பணத்தை முன்னதாகக் கேட்டால் வேண்டாம். பேச்சுப் பயிற்சியாளருக்கும் சிறப்பாசிரியருக்கும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் உண்டு. கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசியைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022-இலேயே பரிந்துரைக்கவில்லை. நிலத்தை அடகு வைத்து அதற்குப் போகாதீர்கள்.

ஆட்டிசம், மூளைவாதம், அறிவுத்திறன் குறைபாடு உறுதியானால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பெறலாம். தெரபிச் செலவும் அதில் அடங்கும். அதற்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். ஆட்டிசத்தின் அளவை அளக்க இந்தியாவில் பயன்படும் அளவுகோலில் 40 கூறுகள். 70 புள்ளிக்குக் கீழே ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. அந்தத் தாளின் நகல் உங்களிடம் ஒன்று இருக்கட்டும்.

போகும்போது மஞ்சப்பையில் எடுத்துப் போக வேண்டியவை: தாய்-சேய் அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, முந்தைய ரிப்போர்ட் எல்லாம், ஆதார், காப்பீட்டு அட்டை, குழந்தை வழக்கமாக விளையாடும் ஒரு சாமான், மாற்றுத் துணி. போனில் இரண்டு நிமிட வீடியோ ஒன்று: வீட்டில், யாரும் தூண்டாமல், குழந்தை தன்பாட்டுக்கு இருக்கும்போது எடுத்தது. ஆஸ்பத்திரி அறையில் அழுதுகொண்டே இருக்கும் பிள்ளையைப் பற்றி டாக்டருக்கு அந்த இரண்டு நிமிடம் நிறையச் சொல்லும். அறையைவிட்டு வெளியே வருமுன் அட்டையில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்: என்ன பார்த்தார்கள், என்ன சந்தேகம், அடுத்த தேதி. தேதி இடம் காலியாக இருந்தால் உள்ளே திரும்பிப் போய் எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.